புகையும் சாம்பரும்

வழிபாட்டுக்குப் புறக்கிரியைகள் வேண்டுமா, உள்ளத் தூய்மை ஒன்றே போதுமா என்னும் வினா மிகப் பழையது. ஒவ்வொரு சமயமும் தன் வரலாற்றில் ஒருமுறையேனும் இதற்கு விடை கூற வேண்டியிருந்தது. சீன மக்களின் பூர்விக சமயமாகிய தாவோ நெறி இன்று அவ்வினாவை ஓர் ஊதுவத்தியின் வடிவிலே எதிர்நோக்கி நிற்கின்றது.

தைவானின் தலைநகராகிய தைப்பேயில் சிங்தியன் ஆலயம் என்றொரு பெருங்கோயில் உண்டு. கி.பி. 220ஆம் ஆண்டளவில் மாண்டு, பின்னர் தெய்வமாக உயர்த்தப்பட்ட குவான் யூ என்னும் வீரனே அங்கு மூலமூர்த்தி. 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி அக்கோயிலார் தமது தூபக்கலங்களையும் படையல் மேசைகளையும் அகற்றிவிட்டனர். புகை சுற்றாடலுக்கும் பக்தரின் உடல்நலத்துக்கும் கேடு. உள்ளத்தில் ஏற்றும் தூபமே உண்மைத் தூபம் என்பது அவர்கள் கூறிய நியாயம். அந்நகரிலே பௌத்த தெய்வங்களும் தாவோ தெய்வங்களும் ஒருங்கே உறையும் லுங்ஷான் ஆலயமும், தன் தூபக்கலங்களைப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் ஊதுவத்தியை முற்றாக நிறுத்திற்று. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், 2017 யூலை 23ஆந் திகதி, பல்வேறு கோயிலார் தத்தம் மூர்த்திகளை எழுந்தருளச் செய்துகொண்டு ஆயிரக்கணக்கில் தைப்பேக்குத் திரண்டு வந்து, சனாதிபதி மாளிகைக்கு முன்னுள்ள வீதியிலே நின்றனர். அரசாங்கம் தூபத்தை ஒழிக்கப் போகின்றது என்ற செய்தியே அவர்களை அங்கே கொணர்ந்தது. தடைசெய்யும் எண்ணம் இல்லை, குறைக்கும்படியே கேட்டோம் என்று அரசாங்கம் மறுமொழி கூறிற்று.

இவ்வழக்கிலே ஒரு சாரார் சுகாதாரத்தின் பெயராலும், மற்றொரு சாரார் மரபின் பெயராலும் பேசுகின்றனர். ஆயினும், இரு சாராரும் புகையைப் பற்றியே வாதிடுகின்றனர் என்பதுதான் வியப்பு. தாவோ வழிபாட்டிலே தூபத்தின் பொருள் புகையில் மாத்திரம் அடங்கியதன்று. அதன் ஒரு பாதி கலத்தின் அடியிலே தங்கும் சாம்பரில் இருக்கின்றது. அதனை அறியாது செய்யப்படும் தீர்ப்பு எப்பக்கம் சாய்ந்தாலும் குறைபாடுடையதாகவே முடியும்.

உபசாரமா, அறிவித்தலா?

தூபம் என்றதும் நம் மனம் பதினாறு வகை உபசாரங்களை நோக்கிச் செல்வது இயல்பு. நீராட்டி, ஆடை சாத்தி, மலரிட்டு, தூபதீபங் காட்டி, நைவேத்தியம் படைக்கும் வரிசையிலே தூபமும் ஒன்று. இறைவனுக்கு உவப்பான நறுமணத்தைச் சமர்ப்பித்தல் அது. இப்பழக்கங் கொண்டு சீனக் கோயிலுக்குள் நுழைவோர், அங்கும் ஊதுவத்தி ஒரு காணிக்கை என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. எனினும் அது வாயிலோடு நின்றுவிட்ட அறிவு.

சீனக் கோயிலின் தூபக்கலம் நம் பூசகர் கையிலேந்தும் தூபக்கால் போன்றதன்று. சாம்பர் நிரம்பிய பெருங்கலம் அது. கோயில் முற்றத்திலே நிலையாக நிற்பது. வருவோர் முதலில் வெளிமுகமாக வானை நோக்கி நிற்கின்றனர். விண்ணரசனுக்கு உரிய கலம் அங்கே இருக்கின்றது. அதன் பின்னால் உருவச்சிலை எதுவும் இல்லை, வானமே இருக்கின்றது. அங்கு வணங்கிய பின்னரே உட்புறம் திரும்பி ஏனைய தெய்வங்களை வணங்குவர். ஊதுவத்தியைக் கையிற் பிடித்தபடியே தம் பெயரையும், ஊரையும், வந்த காரியத்தையும் வாய்க்குள் முணுமுணுப்பர். அதன் பின்னரே அதனைச் சாம்பரில் ஊன்றுவர். பழமும் பண்டமும் காணிக்கை. ஊதுவத்தியோ அக்காணிக்கை யாருடையது, எதற்காக வந்தது என்று எடுத்துரைக்கும் செய்தி. செய்தி போய்ச் சேராத இடத்தில் காணிக்கைக்குப் பொருள் ஏது?

இது பாமரரின் பிற்கால நம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது. கி.பி. 142ஆம் ஆண்டிலே சாங் தாவோலிங் என்பார் தொடக்கிய விண்ணகக் குருமரபில், அடியார் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மோன அறை வேண்டும் என்பது விதி. அவ்வறையிலே எவை இருக்கலாம் என்பதனை 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ சியுசிங் (கி.பி. 406–477) வரையறுத்தார். தூபக்கலம், தூபவிளக்கு, விண்ணப்பம் எழுதும் மேசை, எழுத்துக்கத்தி ஆகிய நான்கே இருக்கலாம். வேறொன்றும் கூடாது என்றார் அவர். இப்பட்டியலிலே தெய்வத்தின் உருவம் இல்லை என்பதனை வாசகர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். உருவமின்றி வழிபாடு நடைபெறலாம். தூபக்கலமின்றி நடைபெறாது என்பதே அதன் கருத்து. மேசையும் கத்தியும் எழுத்தர் ஒருவரின் தொழிற்கருவிகள். ஆகவே அம்மோன அறை ஒரு பூசையறை என்பதிலும், விண்ணுலகத்துக்கு மனு வரையும் அலுவலகம் என்பதே பொருந்தும். எழுதிய மனுவைக் கொண்டுசெல்லும் வழி தூபக்கலத்திலே தொடங்குகின்றது.

தாவோ குருமார் இன்றும் பெருங்கிரியைகளைத் ‘தூபக்கலத்தைத் திறத்தல்’ என்னும் சடங்கோடு ஆரம்பித்து, ‘தூபக்கலத்தை மீட்டல்’ என்னும் சடங்கோடு நிறைவு செய்கின்றனர். முன்னதிலே குருவானவர் கலத்தின் முன் நின்று, தம் உடலுக்குள்ளே உறையும் தேவதைகளைத் தியானத்தால் எழுப்பித் தூதராக விண்ணகம் அனுப்புகின்றார். பின்னதிலே அவர்களை மீண்டும் தம்முள் அழைத்துக்கொள்கின்றார். 1960களில் தைவானின் தைனான் நகரிலே தங்கி, அக்குருமாரிடம் பயின்று, தாமும் தாவோ குருவாகத் தீட்சை பெற்ற ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்தோபர் ஷிப்பர் இக்கிரியைகளை உலகுக்கு விரிவாக எடுத்து விளக்கினார். இவற்றை நோக்குமிடத்து, ‘உள்ளத் தூபம்’ வேறு, ‘புறத் தூபம்’ வேறு என்று பிரித்து வைத்தல் தாவோ மரபுக்கே அந்நியமான காரியம் என்பது புலனாகும். உள்ளிருப்பது வெளிச்செல்லும் வாயிலே அக்கலம்.

மலையும் உலையும்

சீன மொழியிலே தூபக்கலத்தைக் குறிக்கும் எழுத்தும் இரசவாதியின் உலையைக் குறிக்கும் எழுத்தும் ஒன்றே. இது தற்செயலான ஒற்றுமையாகத் தோன்றவில்லை. கனத்த பொருளை நெருப்பினால் நுண்பொருளாக்குதலே இரசவாதம். ஊதுவத்தியிலே நம் கண்முன் நிகழ்வதும் அதுவே. கையிற் பிடித்த மரத்தூள் காற்றிற் கலந்து கண்ணுக்கு மறைகின்றது. உடலாகிய உலையிலே மூச்சையும் மனத்தையும் பக்குவப்படுத்தி நுண்மையடைதலைக் குறிக்கோளாகக் கொண்ட சமயத்தாருக்கு இதனைக் காட்டிலும் எளிய உவமை வேறு கிடைத்தற்கரிது.

இக்கருத்து கோயில்களுக்கு முன்பே கைவினையிற் புகுந்துவிட்டது. கி.மு. 113இல் இறந்த லியூ செங் என்னும் ஹான் இளவரசனின் கல்லறை 1968இல் ஹெபெய் மாகாணத்திலே தோண்டப்பட்டபோது, பொன் இழைத்த வெண்கலத் தூபக்கலம் ஒன்று கிடைத்தது. அதன் மூடி அடுக்கடுக்கான மலைச்சிகரங்களாக வார்க்கப்பட்டுள்ளது. சிகரங்களுக்கிடையே விலங்குகளும் வேடரும் காணப்படுகின்றனர். உள்ளே தூபமிட்டால் மலையிடுக்குகளில் உள்ள துளைகளினூடே புகை கசிந்து முகிலாகச் சூழும். சிரஞ்சீவிகள் வாழும் மலையைக் கையளவிலே கண்டுகொள்ளும் ஏக்கம் அக்கலத்தில் உருவம் பெற்றிருக்கின்றது. புகையானது அங்கே மண்ணுலகிலிருந்து மற்றோர் உலகத்துக்குப் போகும் பாதை.

அருமையும் மலிவும்

அக்காலத்திலே தூபம் எளிதில் வாய்க்கும் பண்டமாக இருக்கவில்லை என்பதனை நாம் மறத்தலாகாது. அகிலும் சந்தனமும் கிராம்பும் குந்துருக்கமும் தெற்கிலும் மேற்கிலுமிருந்து கடல்வழியாகச் சீனத்துக்குச் சென்றவை. சந்தனத்துக்குச் சீனர் வழங்கும் பெயரே ‘சந்தன’ என்னும் வடசொல்லின் சிதைவு. சோழ மன்னர் 1015ஆம் ஆண்டிலே சீனப் பேரரசனிடம் அனுப்பிய தூதுக்குழு கொண்டுசென்ற பொருள்களிலே முத்தோடு வாசனைப் பண்டங்களும் இருந்தன. சுவான்சௌ துறைமுகத்தருகே 1974இல் தோண்டி எடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டு மரக்கலத்திலே இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட நறுமண மரங்கள் இருந்தன.

இத்தொடர்பின் சாட்சி ஒன்று நம் கொழும்பு தேசிய நூதனசாலையிலேயே உண்டு. கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்து காலியில் நாட்டிய, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டே அது. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே இசுலாமிய மரபிலும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. அக்காணிக்கைகளிலே பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு தூபக்கலங்களும் இடம்பெறுகின்றன. அதே செங் ஹோ தன் கடற்பயணங்களைக் காத்தவள் என்று மாட்சு தேவிக்கு நன்றி கூறி 1431இல் பூஜியன் மாகாணத்திலே வேறொரு கல் நாட்டினான். பிற நாட்டுத் தெய்வத்தை அணுகும்போதும் தூபக்கலத்தோடு அணுகுதலே முறை என அவன் கருதினான் போலும்.

அருமையான பண்டத்தை ஒரு சிட்டிகை இடுவதே அன்றைய வழக்கம். பொடியாகவும் உருண்டையாகவும் சிறு துண்டாகவும் தணலில் இடப்பட்ட தூபம், மூங்கில் ஈர்க்கிலே பூசிய ஊதுவத்தியாகப் பரவியது பிற்காலத்தில். மரத்தூளும் செயற்கை மணமும் கொண்டு மலிவாக ஊதுவத்தி செய்யும் காலம் வந்த பின்னரே கட்டுக்கட்டாக எரிக்கும் பழக்கம் பெருகிற்று. புத்தாண்டு நள்ளிரவிலே கோயிற் கதவு திறந்ததும் முதல் ஊதுவத்தியைத் தானே ஊன்றவேண்டுமென்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடுகின்றனரே, அவர்கள் செய்தி அனுப்புகின்றனரா, போட்டியிடுகின்றனரா? மரபின்படி மூன்று ஊதுவத்திகள் போதும். தாவோ, திருநூல், குரு ஆகிய மூன்று மணிகளை அவை குறிக்கும். இடக்கையால் அவற்றை ஒவ்வொன்றாக நேராக ஊன்றுதல் வேண்டும். ஆளுயர ஊதுவத்திக்கு இம்மரபிலே ஆதாரம் தேடுதல் வீண்முயற்சி.

சாம்பரின் உறவு

இனி, சாம்பரைப் பற்றிக் கூறுவோம். எரிந்து முடிந்த ஊதுவத்தியின் சாம்பர் கலத்திலேயே தங்கிவிடுகின்றது. அதனைக் குப்பையென வாரிக் கொட்டுவதில்லை. ஆண்டிறுதியிலே, தெய்வங்கள் விண்ணகம் சென்றிருப்பதாகக் கருதப்படும் நாளிலே, மிகுதியானதை மட்டும் பக்தியோடு அகற்றுவர். எஞ்சியிருப்பது நேற்று வந்தவனின் வேண்டுதலும், நூறாண்டுக்கு முன் வந்தவனின் வேண்டுதலும் பிரித்தறிய முடியாதபடி கலந்த ஒன்று. ஓர் ஊரின் நினைவு என்று அதனைக் கூறினால் மிகையாகாது.

ஓர் ஊரார் வேறிடத்திலே குடியேறிப் புதிய கோயில் எடுக்கும்போது தாய்க்கோயிலின் கலத்திலிருந்து ஒரு பிடி சாம்பர் கொண்டுசெல்வர். ‘தூபம் பிரித்தல்’ என்று இதற்குப் பெயர். அச்சாம்பரின் மேலேதான் புதுக் கலத்தின் முதல் ஊதுவத்தி ஊன்றப்படும். பூஜியன் கரையிலிருந்து கடல் கடந்து தைவானுக்கும், மலாயாவுக்கும், சிங்கப்பூருக்கும் போன ஏழைக் குடிகள் இவ்வாறே தம் தெய்வங்களைக் கொண்டுசென்றனர். சகோதரர்கள் பாகம் பிரிந்து தனிக்குடித்தனம் போகும்போதும், தந்தை வீட்டு முன்னோர் கலத்துச் சாம்பரிலே ஒரு பங்கு எடுத்துச் செல்வதுண்டு. சொத்து பிரிந்தாலும் சாம்பர் ஒன்று என்பதே அதன் குறிப்பு. ஊர்த் தெய்வத்தின் திருவிழாவை நடத்தும் பொறுப்பாளருக்குக் ‘கலத்தின் தலைவர்’ என்று பெயர். பிறைவடிவ மரத்துண்டுகளை எறிந்து, தெய்வத்தின் சம்மதம் அதிகம் பெற்றவரே ஆண்டுதோறும் அப்பதவிக்குத் தெரிவாகின்றார். பணமும் படிப்பும் அங்கே தகுதியாவதில்லை.

ஒரு பிடி சாம்பர் எவ்வளவு வல்லமையுடையது என்பதற்கு மாட்சு தேவியின் வரலாற்றிலிருந்தே உதாரணம் காட்டலாம். பூஜியன் கரையை அடுத்த மெய்ச்சௌ தீவிலே பிறந்து 987ஆம் ஆண்டிலே விண்ணெய்தினாள் என்று மரபு கூறும் பெண்ணே, கடலோடிகளின் காவல் தெய்வமாகிய மாட்சு. தைவானின் தாஜியா ஊரிலுள்ள அவள் கோயிலார் ஆண்டுதோறும் தேவியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு தென்திசையிலுள்ள பேகாங் கோயிலுக்கு யாத்திரை போவது வழக்கமாக இருந்தது. தூபம் எங்கே போகின்றதோ அதுவே தாய்வீடு. ஆகவே தாஜியா பேகாங்கின் மகள் என்று ஊரார் கருதினர். 1987ஆம் ஆண்டிலே, தைவானிலிருந்து சீனப் பெருநிலத்துக்கு நேரே செல்ல வழியில்லாதிருந்த வேளையில், தாஜியா கோயிலாரிற் சிலர் யப்பான் வழியாகச் சுற்றிச் சென்று மெய்ச்சௌவின் மூலக்கோயிலை வணங்கித் திரும்பினர். தம் கோயில் நேரே மூலத்தோடு உறவுடையது என்னும் உரிமையை அவர்கள் அதனால் நிலைநாட்டிக்கொண்டனர். அடுத்த ஆண்டு, 1988இல், யாத்திரை பேகாங்கைத் தவிர்த்துச் சின்காங் ஊருக்குத் திரும்பிவிட்டது. எட்டு இரவும் ஒன்பது பகலுமாக 300 கிலோமீற்றருக்கு மேல் நடக்கும் அவ்யாத்திரை இன்றும் அவ்வழியே செல்கின்றது. இராசதந்திரிகள் நாற்பதாண்டாக மூடிவைத்திருந்த கடலைத் தூபத்தின் உறவு கடந்தது; அதே உறவு இரு ஊர்களைப் பிரிக்கவும் செய்தது. வெறும் நறுமணத்துக்காக மனிதர் இவ்வாறு நடந்துகொள்வரோ?

தீர்ப்பு எப்பக்கம்?

இவற்றை மனத்திற் கொண்டு முதலிற் கூறிய வழக்குக்கு மீள்வோம். ஊதுவத்திப் புகையிலே நுண்டுகள்களும், பென்சீன் முதலிய நச்சுப் பொருள்களும் உண்டு என்பது ஆராய்ச்சியால் நிறுவப்பட்ட உண்மை. அடைபட்ட மண்டபத்திலே நாள் முழுதும் அதனைச் சுவாசிக்க வேண்டியவர் ஒரு கணம் வந்து வணங்கிப் போகும் செல்வரல்லர். கோயிலிலே கூலிக்கும் தொண்டுக்கும் நிற்கும் எளியவர். அவர் நுரையீரலைப் பொருட்படுத்தாத பக்தியைப் பக்தி என்று ஏற்க என் மனம் ஒருப்படவில்லை. ஆகவே குறைக்கவேண்டும் என்பாரோடு நான் முழுமையாக உடன்படுகின்றேன். சீனத் தாவோ சங்கமும் மூன்று ஊதுவத்திகளுக்கு மேல் வேண்டா என்றே அறிவுறுத்தி வருகின்றது. இதனால் மரபு தேய்வதில்லை. தன் பழைய அளவுக்கே அது மீள்கின்றது.

ஆனால் குறைத்தல் வேறு, கலத்தையே அகற்றுதல் வேறு. சிங்தியன் ஆலயத்தாரின் நன்னோக்கத்தை நான் ஐயுறவில்லை. அங்கே பக்தர் கூட்டம் அற்றுப்போகவும் இல்லை; அச்சந் தெளிவிக்கும் சடங்கை நீல அங்கி அணிந்த தொண்டர்கள் இன்றும் செய்துவருகின்றனர். ‘பார்த்தீர்களா, புகையின்றியும் பக்தி வாழ்கின்றது’ என்று அவர் தரப்பினர் கேட்பது நியாயமான கேள்வியே. தனிமனிதனின் பக்தி வாழும், அதனை மறுப்பாரில்லை. உள்ளத்திலே ஏற்றிய தூபம் தெய்வத்தை அடையும் என்றே கொள்வோம். ஆயினும் அது சாம்பரை விட்டுச் செல்வதில்லை. ஒருவன் உள்ளத்தில் எரிந்தது மற்றொருவன் உள்ளத்தில் எரிந்ததோடு கலப்பதில்லை. அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு பேரன் வேற்றூருக்குப் போகவும் முடியாது. மேல்நோக்கிய உறவு நிலைத்து, பக்கத்திலிருப்பவனோடுள்ள உறவு அறுகின்றது. உள்ளத் தூய்மை ஒன்றே போதும் என்போர் எண்ணிப் பாராத இழப்பு இதுவே.

கட்டுக்கட்டாக எரித்து மண்டபத்தை இருளாக்குவோரும் இதே பிழையை மறுபுறமிருந்து செய்கின்றனர். புகையின் அளவே பக்தியின் அளவு என்று கொண்டு, ஊரார் அனைவருக்கும் பொதுவான கலத்திலே தம் செல்வத்தைப் பறைசாற்றுகின்றனர்.

முற்றத்திலே, காற்றோட்டமான இடத்திலே, ஒரே ஒரு கலம். வருபவர் ஒவ்வொருவருக்கும் நல்ல மரத்தாலான ஓர் ஊதுவத்தி. இவ்வளவே போதுமானது என்பது என் கருத்து. வைத்தியர் இதனை மறுக்கமாட்டார். 5ஆம் நூற்றாண்டு லூ சியுசிங்கும் மறுத்திருக்கமாட்டார். புகை சற்று நேரத்திலே காற்றோடு கலந்து போய்விடும். முன்பின் அறியாத இருவர் ஊன்றிய ஊதுவத்திகளின் சாம்பர் மட்டும் ஒரே கலத்திலே ஒன்றன்மேலொன்றாக விழுந்து கிடக்கும். அதற்கு இடம் வைத்த கோயிலே ஊர்க்கோயில்.